மைக் ஹேல்வூட் என்னும் மோட்டார்ச் சைக்கிள் வீரர்

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டினர். தமிழாசிரியர் ஒருவர் எழுதுவதென்றால் கம்பன் கவிநயமோ வள்ளுவர் கண்ட அறமோ வந்து சேரும் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எழுதப் புகுவதோ மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப் பந்தய வீரர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு. எம்மை அறிந்தோர் இது கண்டு நகைப்பர். எமக்குச் சைக்கிளே சரிவர ஓட்டத் தெரியாது என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் இதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது உயர்தர வகுப்பிலே மாணவன் ஒருவன் இருந்தான். கந்தப்பளைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து வளர்ந்தவன். தாயார் கொழுந்து பறிப்பவர். இலக்கணத்திலே அவனுக்கு நாட்டம் குறைவு. ஆனாற் பட்டிமன்றம் என்றால் முன்வரிசையில் வந்து நிற்பான். அவனுடைய பயிற்சிப் புத்தகத்தின் மேலட்டையில் 46 என்னும் இலக்கம் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அஃது என்ன என்று யாம் வினவியபோது, இத்தாலி தேசத்து வலன்டினோ றொஸி என்னும் வீரரின் பந்தய இலக்கம் என்று விளக்கினான். பின்வாங்கில் இருந்தோர் மார்க் மார்க்கெஸ் என்னும் ஸ்பானிய வீரரே சிறந்தவர் என்று எதிர்வாதம் தொடுத்தனர். வகுப்பு இரண்டு பட்டது. எக்காலத்து வீரருள்ளும் தலைசிறந்தவர் யார் என்று நடுவராயிருந்து தீர்ப்புக் கூறுமாறு எம்மை வேண்டினர். தமிழ்ப் பாட வேளையில் இத்தகைய வீண்பேச்சு வேண்டா என்று சொல்லி அவர்களை அமர்த்தினோம்.

அம்மாணவன் கல்வி முடித்துக் கொழும்பிலே கடையொன்றில் ஈராண்டு வேலை பார்த்தான். பிறகு லீசிங்கிலே ஒரு மோட்டார்ச் சைக்கிள் எடுத்தான். தீபாவளிக்கு ஊர் வந்தவன், மூடுபனி படர்ந்த ஒரு மாலையிலே, குறுக்கே திரும்பிய லொறியொன்றில் மோதுண்டு மாண்டான். அவன் வேகமாக வரவில்லை என்று கண்டோர் சொல்லினர். முப்பத்தோராம் நாள் முடிந்த பின்னர் அவன் தாயார் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எம்மிடம் கொணர்ந்து தந்தார். அதன் கடைசிப் பக்கத்திலே உலக வீரர் சிலரின் பெயர்களும், அவர்கள் பெற்ற முடிகளின் தொகையும் நிரலாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் ஹேல்வூட் என்னும் பெயருக்குப் பக்கத்திலே மட்டும் ஒரு கேள்விக்குறி இருந்தது. அக்கேள்விக்குறியே எம்மை இவ்விடயத்திற் புகுத்தியது. பாடவேளையில் யாம் மறுத்த விடையை இங்கே எழுதத் துணிந்தோம்.

வெவ்வேறு காலத்தோரை ஒப்பிடுதல் எத்துணைக் கடினம் என்பதைத் தமிழாசிரியருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இளங்கோவோ கம்பனோ பெரியவர் என்று ஆண்டுதோறும் மாணவர் எம்மை வினவுவர். ஒருவர் ஆசிரியப்பாவிலே பாடினார். மற்றவர் விருத்தத்திலே பாடினார். கேட்டோரும் வேறு, காலமும் வேறு. பாட்டுத் தொகையை எண்ணிப் பார்த்து ஒருவரை மேலேற்றுதல் பேதைமை. பந்தய வீரர் திறத்திலும் இதுவே வழு. அகொஸ்டினி 15 முடி, நியெட்டோ 13 முடி, றொஸி 9 முடி என்று எண்ணி முடித்து விடுகின்றோம். எவ்வகை வண்டியில், எவ்வகைப் பாதையில், எவரோடு பொருது, எதனைப் பணயம் வைத்துப் பெற்ற முடி என்று பார்ப்பதில்லை.

நம் மலைநாட்டாருக்கு இவ்விளையாட்டு முற்றும் புதியதன்று. நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தோட்டையிலே 1934ஆம் ஆண்டு முதலாக மலையேற்றப் பந்தயம் நடந்து வருவதை நம்மவர் அறிவர். சித்திரை மாதத்துச் சீசன் காலத்திலே கொழும்பிலிருந்து மோட்டார் வண்டிகளும் சைக்கிள்களும் வந்து குவியும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அவற்றின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பலர். யாமும் அவ்வாறு நின்றவரே. அப்பந்தயத்தில் இருவர் அருகருகே ஓடி முந்துவதில்லை. ஒருவர் பின் ஒருவராக விடுவர்; ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு போட்டியிடுவர். வளைவுகளை முன்னரே மனப்பாடம் செய்தவனுக்கே வெற்றி. இதனை மனத்திற் கொண்டால், யாம் பின்னர்ச் சொல்லப் போகும் மான் தீவுப் பந்தயம் எளிதில் விளங்கும்.

ஸ்டான்லி மைக்கேல் பெய்லி ஹேல்வூட் என்பது அவரது முழுப்பெயர். 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் நாள் இங்கிலாந்து தேசத்தின் ஒக்ஸ்போட் மாகாணத்திலே, கிரேட் மில்ற்றன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையாகிய ஸ்டான் ஹேல்வூட் மோட்டார்ச் சைக்கிள் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர். போருக்கு முன்னர் தாமும் பந்தயங்களில் ஓடியவர். பிள்ளையை பாங்போர்னிலே கப்பற் கல்வி புகட்டும் விடுதிப் பள்ளியொன்றிற் சேர்த்தார். பிள்ளைக்கு அதில் மனம் செல்லவில்லை. இடையிலே படிப்பை விட்டு, ட்ரையம்ப் தொழிற்சாலையிற் சிலகாலம் கைவேலை பயின்றார். 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, 17 வயது நிரம்பிய சின்னாட்களில், ஊல்ற்றன் பார்க் என்னும் களத்திலே முதற் பந்தயம் ஓடி 11ஆவதாக வந்தார்.

தந்தையார் செல்வம் மைந்தனுக்குப் பெருந்துணையாயிற்று. மற்றை இளைஞர் ஒரே ஒரு வண்டியைத் தாமே கழற்றிப் பூட்டிக் கொண்டு திரிய, ஹேல்வூட்டுக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு வண்டி, கைதேர்ந்த பொறியாளர், அவற்றை ஏற்றிச் செல்லும் ஊர்தி என்று யாவும் வாய்த்தன. பணக்காரன் பிள்ளை என்று பலர் ஏளனம் செய்தனர். நம் வகுப்பறைகளிலே ஒரே பேனாவை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதிய காலத்தை அறிந்தவராகிய எமக்கும் இப்பகுதியைப் படிக்கும்போது சற்றே மனம் கசந்தது, மறைப்பானேன்? ஆனாற் பணம் வண்டியை வாங்கும். வளைவிலே அதனைச் சாய்க்கும் துணிவையும் அளவறிந்து நிமிர்த்தும் நுட்பத்தையும் வாங்காது. 1958ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயதில், பிரித்தானிய முடிகள் மூன்றினைப் பெற்றார். அவ்வாண்டே மான் தீவிலும் நான்கு வகுப்புகளில் ஓடி, 250 கன சென்றிமீற்றர் வகுப்பிலே மூன்றாமிடம் பெற்றார். மறு ஆண்டு அல்ஸ்ரர் மாகாணத்திலே டுக்காட்டி வண்டியேறி, உலக முடிக்கான பந்தயமொன்றில் முதன்முறை வென்றார்.

மான் தீவு என்றதும் மான்கள் மலிந்த தீவு என எண்ணற்க. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள சிறு தீவின் பெயர் அது. அங்கே 1907ஆம் ஆண்டு முதலாகவும், இன்றுள்ள மலைப்பாதையிலே 1911ஆம் ஆண்டு முதலாகவும் பந்தயம் நடைபெறுகிறது. அதற்கெனத் தனிக்களம் இல்லை. ஊர் மக்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்லும் பொதுத்தெருவையே அடைத்து ஓடுவர். ஒரு சுற்று 37.73 மைல். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியே கம்பளைக்குச் செல்லும் தொலைவினும் அது சற்று மிகும். கல்மதில், விளக்குக் கம்பம், வீட்டு வாயில், பாலம் என்பன பாதையோரமெங்கும் உண்டு. ஸ்னேஃபெல் மலைச் சரிவிலே பனியும் காற்றும் உண்டு. இருநூறுக்கு மேற்பட்ட வளைவுகள். அப்பாதையிலே இறந்தோர் தொகை இன்று 250ஐக் கடந்து விட்டது. 1976ஆம் ஆண்டோடு உலக முடிக்குரிய பந்தய வரிசையிலிருந்து அதனை நீக்கியதற்கு இவ்வபாயமே காரணம்.

இத்தகைய இடத்திலே 1961ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்றார் ஹேல்வூட். அதற்கு முன் எவரும் அவ்வாறு வென்றதில்லை. 125, 250 கன சென்றிமீற்றர் வகுப்புகளில் ஹொண்டா வண்டியிலும், 500 வகுப்பில் நோர்ட்டன் வண்டியிலும் ஓடினார். நான்காவதையும் வென்றிருப்பார், 350 வகுப்பிலே முதல்வராய்ச் சென்று கொண்டிருக்கையில், கடைசிச் சுற்றிலே, பிஸ்டனைப் பிணிக்கும் சிற்றூசி முறிந்து வண்டி நின்று விட்டது. அவர் நோர்ட்டனில் வென்றதே எமக்கு வியப்புத் தருவது. அவ்வண்டி ஒற்றைச் சிலிண்டர் உடையது. காலங் கடந்த அமைப்பு. எதிரே நின்றதோ இத்தாலியரின் நாற்சிலிண்டர் எம்.வி. அகுஸ்டா. அவ்வாண்டின் இறுதியில் 250 வகுப்பின் உலக முடியும் அவருக்கே வந்தது. அப்போது அவருக்கு வயது 21. ஹொண்டா நிறுவனத்துக்கு உலக முடி கிடைத்த முதல் ஆண்டும் அதுவே. நம் தோட்டத்துப் பாதைகளிற் சின்னத்துரைமார் ஏறி வந்த ஹொண்டாவின் பெயர் உலகெங்கும் பரவுதற்கு இவ்வெற்றிகளும் ஒரு காரணமாயின.

மறு ஆண்டு எம்.வி. அகுஸ்டா நிறுவனத்தார் அவரைத் தம்பால் ஈர்த்துக் கொண்டனர். 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து 500 வகுப்பின் முடி சூடினார். முன்னர் எவரும் அதனைத் தொடர்ச்சியாக நான்கு முறை பெற்றிலர். இக்காலத்தில் அவருக்கு நிகரான வண்டியுடையோர் மிகச் சிலரே என்பதையும் நேர்மையுள்ளோர் சொல்லியாதல் வேண்டும். எனினும் 1963ஆம் ஆண்டு கிழக்கு ஜேர்மனியிலே 350, 500 வகுப்புகளை எம்.வி.யில் வென்ற அதே நாளில், 250 வகுப்பிலே அந்நாட்டாரின் எம்.செற். வண்டியை இரவலாக ஏறி அதனையும் வென்றார் என்பதை நினைக்கையில் வண்டியா வீரரா என்னும் ஐயம் தெளியும். 1964ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் டேடோனாக் களத்திலே ஒரு மணி நேரத்தில் 144.8 மைல் ஓடி, ஸ்கொத்லாந்து வீரர் பொப் மக்கின்ரயரின் பழைய சாதனையை முறியடித்தார். அன்றே பிற்பகல் அங்கு நடந்த உலக முடிப் பந்தயத்தையும் வென்றார்.

1965இல் மான் தீவிலே மழை. புதிதாய் வந்து சேர்ந்த இளைஞர் ஜியாக்கோமோ அகொஸ்டினி ஒரு வளைவில் வழுக்கி வீழ்ந்தார். பின்னர் அதே வளைவிலே ஹேல்வூட்டும் வீழ்ந்தார். வளைந்த கைப்பிடியை உதைத்து நேராக்கி, உடைந்த காற்றுத் தடுப்போடும் மூக்கில் வழியும் இரத்தத்தோடும் மீண்டும் ஏறி ஓடி வென்றார்.

அகொஸ்டினியின் வரவினாலோ பிறிதொன்றினாலோ 1966இல் அவர் மீண்டும் ஹொண்டாவுக்கு மாறினார். ஹொண்டாவின் 250 வண்டி ஓர் அற்புதப் பொறி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 41 கன சென்றிமீற்றர் கொண்ட ஆறு சிலிண்டர்; நிமிடத்துக்கு 18,000 சுழற்சி. அதாவது ஒரு வினாடிக்கு 300 முறை. அதன் ஓசை இயந்திர ஓசை போலன்றிச் சங்கொலி போன்றிருந்தது என்பர். அதிலும் 350 வகுப்பிலும் 1966, 1967 ஆகிய ஈராண்டும் முடி பெற்றார். முன்னைய ஐந்தோடு இந்நான்கும் சேர மொத்தம் ஒன்பது முடி.

ஆனால் 500 வகுப்பு ஹொண்டா வேறு சாதி. வலிமை மிகுதி, சட்டகமோ அவ்வலிமையைத் தாங்கமாட்டாது நெளிந்தது. ஹேல்வூட் அதனோடு மல்லாடினார் என்றே சொல்லவேண்டும். அகொஸ்டினியோ இசைந்து பழகிய எம்.வி. வண்டியில் வந்தார். 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் மான் தீவில் இவ்விருவரும் பொருததையே அறிந்தோர் பலர் அப்பந்தய வரலாற்றின் உச்சம் எனக் கூறுவர். முதற் சுற்றிலே அகொஸ்டினி முந்தினார். இரண்டாம் சுற்றிலே ஹேல்வூட் மணிக்கு 108.77 மைல் வேகத்தில் ஓடி நெருங்கினார். அதாவது 37.73 மைலும் 20 நிமிடம் 48.8 வினாடியில். நம் பஸ் வண்டி கம்பளை சேர எடுக்கும் நேரத்தை எண்ணிப் பார்க்க. அதற்குள் ஹொண்டாவின் அக்சிலேட்டர்ப் பிடி தளர்ந்து கழலத் தொடங்கியது. பெற்றோல் நிரப்ப நின்றபோது அவர் ஒரு சுத்தியலை வாங்கிப் பிடியைத் தட்டி இறுக்கிக் கொண்டு புறப்பட்டார். அது நிலைக்கவில்லை. மீதிச் சுற்றுகளிலே கழன்ற பிடியைக் கையாற் பற்றி வைத்தவாறே ஓட்டினார். அகொஸ்டினி மீண்டும் முன்னேறினார். ஐந்தாம் சுற்றிலே, மலையுச்சிக்கு அண்மையில், எம்.வி.யின் சங்கிலி அறுந்தது. வெற்றி ஹேல்வூட்டுக்கு. அன்று அவர் வைத்த சுற்று வேகத்தை 1975 வரை, எட்டாண்டு காலம், எவரும் மிஞ்சவில்லை.

அதே மாதத்தில் ஒல்லாந்தின் அசென் களத்திலே ஒரே நாளில் 250, 350, 500 ஆகிய மூன்று வகுப்புகளையும் வென்றார். ஒரு வண்டியினின்றும் இறங்கி, நீர் குடித்து, மறு வண்டியில் ஏறிய நாள் அது. ஆண்டு முடிவிலே 500 வகுப்பில் இருவரும் ஐந்தைந்து வெற்றியும் சம புள்ளியும் பெற்று நின்றனர். இரண்டாமிடங்களை எண்ணி முடியை அகொஸ்டினிக்கு வழங்கினர். ஓர் இரண்டாமிடம் கூடியிருப்பின் ஹேல்வூட்டின் தொகை பத்து ஆகியிருக்கும். எண்ணிக்கையை நம்பி வீரரை அளப்போர் இதனைச் சிந்திக்க.

1968இன் தொடக்கத்தில் ஹொண்டா நிறுவனத்தார் பந்தயத்தினின்றும் விலகினர். வேறு நிறுவனத்துக்காக உலக முடிப் பந்தயங்களில் ஓடாதிருக்கும்படி ஹேல்வூட்டுக்குப் பெரும் பணம் கொடுத்தனர். இருபத்தெட்டு வயதில், திறமையின் உச்சியில் நின்ற ஒருவருக்கு ஓடாதிருக்கக் கூலி! அவர் நான்கு சக்கரத்துக்கு மாறினார். அத்துறையில் அவருக்கு முன் ஜோன் சேர்ட்டீஸ் மோட்டார்ச் சைக்கிளில் ஏழு முடியும், 1964இல் மோட்டார் வண்டியில் உலக முடியும் பெற்றிருந்தார். இரண்டு துறையிலும் உலக முடி கண்டவர் சேர்ட்டீஸ் ஒருவரே. ஹேல்வூட்டால் அது கைகூடவில்லை. 1969இல் லெ மான் நெடும்பந்தயத்தில் மூன்றாமிடம், 1972இல் ஐரோப்பிய இரண்டாந்தர முடி, அவ்வாண்டு மொன்சாவில் இரண்டாமிடம் என்பனவே அவர் பெற்ற பேறுகள். முதற்றர வண்டியில் ஐம்பது முறை ஓடி ஒருமுறையும் வென்றிலர்.

ஆனால் அத்தோல்விக் காலத்திலேதான் அவர் வாழ்வின் பெருஞ்செயல் நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், தென்னாபிரிக்காவின் கியாலாமிக் களம். மூன்றாம் சுற்றிலே வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. சுவிற்சர்லாந்து வீரர் கிளே ரெகட்சோனி தம் வண்டிக்குள்ளே உணர்விழந்து கிடக்க, பெற்றோல் பற்றிக் கொண்டது. அதே மோதலில் வண்டி சிதைந்த ஹேல்வூட் வெளியே குதித்தார். ஓடித் தப்பலாம்; எவரும் குறை கூறார். அவர் நெருப்பை நோக்கி ஓடினார். ரெகட்சோனியைப் பிணித்த வாரை அவிழ்க்க முயலும்போது அவருடைய உடையிலே தீப்பற்றியது. விலகி வந்து அத்தீயை அணைப்பித்துக் கொண்டார். அணைந்ததும் மீண்டும் நெருப்புக்குள்ளே கைவிட்டு, வாரை அவிழ்த்து, அவரை இழுத்து வெளியே கிடத்தினார். கைகளில் தீக்காயம். பிரித்தானிய அரசு அவருக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கியது. வீரத்துக்காகக் குடிமக்களுக்கு அளிக்கப்படும் உயர்ந்த விருதுகளுள் ஒன்று அது.

இச்செயலை யாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. முதல்முறை தீயிற் புகுவதற்கு வேகம் போதும். சிந்திக்குமுன்னரே உடல் ஓடிவிடும். தீ இன்னதென்று தோலால் அறிந்த பின்னர் இரண்டாம் முறை புகுந்தாரே, அதற்கு யாது பெயர்? புறத்திணைத் துறைகளை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கும் பொருத்தமான துறை ஒன்று அகப்படவில்லை. அங்கே வெட்சியும் வஞ்சியும் உண்டு. பகைவனல்லாத போட்டியாளனை நெருப்பிலிருந்து மீட்பதற்குத் துறையில்லை.

1974இல் ஜேர்மனியின் நூர்பர்க்றிங் களத்தில் அவருடைய வண்டி மோதி வலக்கால் சிதைந்தது. மோட்டார் வண்டிப் பந்தயம் அதனோடு முடிந்தது. நியூசீலாந்துக்குக் குடிபெயர்ந்தார். உலகம் அவரை மறக்கத் தொடங்கியது. பாதங் கெட்ட கால்; முப்பத்தெட்டு வயது; மான் தீவை விட்டுப் பதினோராண்டு. இந்நிலையில் 1978இல் அங்கு மீண்டும் ஓடப் போவதாக அறிவித்தார். அன்பர் பலர் அஞ்சினர். அவருக்குக் கிடைத்ததும் பெருநிறுவனத்தின் வண்டியன்று. மான்செஸ்ரர் நகரத்துச் சிறு பட்டறையொன்றார் செப்பஞ் செய்த டுக்காட்டி. எதிரே ஹொண்டாவின் வண்டியில் பழைய எதிராளி பில் றீட். றீட் ஐம்பது வினாடி முன்னதாகப் புறப்பட்டார். ஹேல்வூட் அவரைத் தெருவிலேயே எட்டிப் பிடித்தார். பின்னர் றீட்டின் வண்டி பழுதுற்றது. ஹேல்வூட் மணிக்கு 108 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தோடு முதல்வராய் வந்தார். பாதையோரத்திலே நின்ற முதியோர் பலர் அன்று அழுதனர் என்பர். மறு ஆண்டு சுசுக்கி வண்டியில் 500 வகுப்பை வென்று, ஒரு சுற்றை மணிக்கு 114 மைல் வேகத்தில் ஓடிய பின்னரே விடைபெற்றார். மான் தீவில் அவர் பெற்ற வெற்றி மொத்தம் 14.

இனி அம்மாணவனின் நிரலுக்கு வருவோம். உலக முடிப் பந்தயங்களில் அகொஸ்டினியின் வெற்றி 122, முடி 15. தொகையால் அவரை வென்றவர் இலர். ஆயின் ஹேல்வூட் விலகிய பின்னர் சில ஆண்டுகள் எம்.வி.க்கு நிகரான வண்டியே களத்தில் இல்லை. 1972இல் நண்பர் பர்லோட்டி மான் தீவில் இறந்த பின் அகொஸ்டினி அங்கே ஓட மறுத்தார். அது கோழைமையன்று, அறிவுடைமை. ஸ்பானியர் அங்கெல் நியெட்டோவின் 13 முடிகள் யாவும் 50, 125 கன சென்றிமீற்றர்ச் சிறு வண்டிகளிற் பெற்றவை. றொஸி 432 முறை ஓடி 115 வென்றார். 2021இல் ஓய்வு பெற்றார். மார்க்கெஸ் கைமுறிவாற் பல்லாண்டு துன்புற்று, 2025இல் மீண்டு வந்து ஒன்பதாம் முடியை எய்தினார். எனவே ஒன்பது என்னும் எண்ணில் இத்தாலியர் கார்லோ உபியாலி, ஹேல்வூட், றொஸி, மார்க்கெஸ் நால்வரும் சமமாக நிற்கின்றனர். ஹேல்வூட்டின் வெற்றி 76, ஓடியவை 152. இரண்டில் ஒன்று.

இக்காலத்து வீரர் ஒரு வகுப்பிலே ஓராண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பந்தயம் ஓடுகின்றனர். அவர்தம் வண்டி மணிக்கு 350 கிலோமீற்றருக்கு மேற் செல்லும். விழுந்தாற் காற்றுப்பை உடைக்குள் விரியும்; பக்கத்திலே சரளைக்கல் மெத்தை; மேலே வைத்தியருடன் ஹெலிகொப்டர். ஹேல்வூட்டின் தலையில் இருந்ததோ கோப்பை போன்ற சிறு கவசம். பக்கத்தில் இருந்தது கல்மதில். இதனால் இக்காலத்தார் தாழ்ந்தவர் ஆகார். 2011இல் மலேசியாவிலே சிமொன்செல்லி இறந்ததை அம்மாணவனே எமக்குச் சொல்லியிருக்கின்றான். ஒரு பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என வினாடியைப் பிளந்து ஓடும் இன்றைய நெருக்கம் ஹேல்வூட்டின் காலத்தில் இல்லை. அவர் இன்று பிறந்திருப்பின் றொஸியை வெல்வாரா என்பது கம்பன் இன்று பிறந்திருப்பின் புதுக்கவிதை எழுதுவானா என்பது போன்ற வினா. ஆயினும் ஒன்று சொல்வோம். ஒற்றைச் சிலிண்டர் நோர்ட்டன், ஆறு சிலிண்டர் ஹொண்டா, நெளியும் 500, இரவல் எம்.செற்., பட்டறை டுக்காட்டி, ஈரடிப்புச் சுசுக்கி என்று எதனைக் கொடுத்தாலும் அதனைத் தன் வசமாக்கி வென்றவர் இவரைப் போல் வேறொருவரை யாம் காணவில்லை. பட்டிமன்ற நடுவர் என்னும் முறையிலே எம் தீர்ப்பு ஹேல்வூட்டின் பக்கமே. அவன் உயிரோடிருந்தால் இதனை ஏற்றிருக்க மாட்டான். எழுந்து நின்று றொஸிக்காக வாதாடியிருப்பான்.

ஓய்வு பெற்ற ஹேல்வூட் பேர்மிங்காம் நகரிலே நண்பரொருவருடன் மோட்டார்ச் சைக்கிட் கடை நடத்தினார். 1981ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், சனிக்கிழமை மாலை, இரவுணவுக்குப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வரத் தம் மகளையும் மகனையும் மோட்டார் வண்டியில் ஏற்றிக் கொண்டு புறப்பட்டார். வோரிக்சயர்ப் பகுதியிலே, இருவழித் தெருவின் நடுத்திட்டைக் கடந்து, திரும்பலாகாத இடத்தில் ஒரு லொறி திரும்பியது. வண்டி அதன்மேல் மோதியது. ஒன்பது வயது மகள் அவ்விடத்தே இறந்தாள். மகன் சிறு காயத்துடன் தப்பினான். ஹேல்வூட் இரண்டு நாள் கிடந்து 23ஆம் நாள் உயிர் நீத்தார். நாற்பத்தோராவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது. லொறிச் சாரதிக்கு நீதிமன்றம் விதித்த தண்டம் 100 பவுண்.

அவர் நெருப்பினின்றும் மீட்ட ரெகட்சோனி பின்னும் 33 ஆண்டு வாழ்ந்தார். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் நெடுந்தெருவொன்றிலே அவரும் லொறியில் மோதியே இறந்தார்.

மான் தீவுப் பாதையின் மிக உயர்ந்த இடத்துக்கு ஹேல்வூட்டின் பெயர் இடப்பட்டுள்ளது. டான்வேர்த் என்னும் சிற்றூரின் தேவாலய முற்றத்திலே தந்தையும் மகளும் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டனர். பயிற்சிப் புத்தகம் எம் மேசை மேல் இருக்கின்றது. அந்தக் கேள்விக்குறியை யாம் அழிக்கவில்லை.